பிரித்துக் கட்டுதல்: பழைய புத்தகத்தை மடிப்பில் தைத்து மீட்பது

அட்டை கழன்று தாள் உதிரத் தொடங்கிய புத்தகத்தை பைண்டிங் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் மூன்று வேலைகள் நடக்கும். முதுகை ஒட்டிய ஓரத்தில் குத்தூசியால் துளையிட்டு, பக்கவாட்டில் சரடு கோத்து இறுக்குவார்கள். முதுகில் வெள்ளைப் பசை தடவுவார்கள். கடைசியாக, மற்ற மூன்று ஓரங்களையும் கட்டிங் மெஷினில் நறுக்கி நேராக்குவார்கள். புத்தகம் கல் மாதிரி உறுதியாகக் கைக்கு வரும், ஆனால் விரியாது. வரியின் முதல் எழுத்துகள் தையலுக்குள் புதைந்திருக்கும், கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். யாரோ ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்த பாடபேதமோ பொருள் குறிப்போ பாதியாக வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அடுத்த முறை பிரிந்தால் தைப்பதற்கு ஓரமே மிஞ்சாது.

கட்டு நல்லதா கெட்டதா என்பதற்கு இந்த அத்தியாயம் ஒரே அளவுகோலை வைக்கிறது: நாளை இன்னொருவர் தாளுக்குச் சேதமில்லாமல் இதைப் பிரிக்க முடியுமா? முடியும் என்றால் நல்ல கட்டு. இது நமக்குப் புதிதும் இல்லை. ஓலைச்சுவடியில் பசை என்ற பேச்சே கிடையாது. துளை வழியே ஒரு கயிறு, மேலும் கீழும் மரச்சட்டம், அவ்வளவுதான். கயிற்றை அவிழ்த்தால் ஏடு ஏடாகப் பிரியும், செல்லரித்த ஏட்டை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிச் சேர்க்கலாம். காகிதப் புத்தகத்துக்கும் இது பொருந்தும் என்பதற்குப் பெரிய சான்று இத்தாலியில் கிடைத்தது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரை உடைத்து பிளாரன்ஸ் நகரின் தேசிய நூலகத்துக்குள் புகுந்தது. அங்கே மீட்புப் பணிக்குப் போனவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் கிளார்க்சன் ஒன்றைக் கவனித்தார். முதுகில் பசையைக் குழைத்துப் பூசிய கனத்த கட்டுகளைவிட, தையலை நம்பிப் பசையை மிகக் குறைவாகப் பயன்படுத்திய 16ஆம் நூற்றாண்டின் மெல்லிய தோலுறைக் கட்டுகள் வெள்ளத்தை நன்றாகவே தாங்கியிருந்தன. பிற்காலப் பாதுகாப்புக் கட்டுமுறைகள் பலவற்றுக்கு அந்தக் கவனிப்பு வழிகாட்டியானது. தாளைத் தாங்க வேண்டியது நூல். பசைக்கு உதவியாள் வேலைதான்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

முதல் முயற்சிக்கு, இன்னொரு பிரதி எளிதாகக் கிடைக்கக்கூடிய புத்தகத்தை எடுங்கள். அது தைத்துக் கட்டியதா, வெறும் பசையில் நிற்பதா என்று முதலில் பாருங்கள். முதுகின் மேல்முனையை உற்றுப் பார்த்தால், தைத்த புத்தகத்தில் தாள்கள் சிறு சிறு மடிப்புகளாக, வளைந்த கொத்துகளாகத் தெரியும். ஒவ்வொரு கொத்தும் ஒரு பாரம், பெரும்பாலும் 16 பக்கம். பசைக்கட்டுப் புத்தகத்தில் இந்த மடிப்பையே சீவி எறிந்திருப்பார்கள், எல்லாம் ஒற்றைத் தாள்களாக இருக்கும். அது வேறு வேலை, இந்த அத்தியாயத்தின் முறை அதற்குப் பொருந்தாது.

அடுத்தது தாளின் வலு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழ்த் தாளும் படிகாரம் சேர்த்த மெருகும் பரவின. அந்தப் படிகாரத்திலிருந்து உண்டாகும் அமிலம் தாளை உள்ளிருந்தே தின்கிறது. நூறாண்டுக்கு முந்தைய மலிவுப் பதிப்புகள் அப்பளம் போல நொறுங்குவது இதனால்தான். எழுத்தில்லாத கடைசித் தாளின் மூலையை, ஒரு நெல் அளவுக்கு, முன்னும் பின்னுமாக மெல்ல மடித்துப் பாருங்கள். ஓரிரு மடிப்பிலேயே துண்டாக உடைந்தால் அந்தப் புத்தகத்தைத் தைக்கக் கூடாது. ஊசித் துளையே அதற்குக் கிழிசல் கோடாகிவிடும். அமிலமில்லாத அட்டையில் ஒரு பெட்டி செய்து, நாடாவால் கட்டி வையுங்கள். தைக்காமல் விடுவதும் இந்தக் கைவினையில் ஒரு முடிவுதான், பல சமயம் அதுவே சரியான முடிவு.

பசை: கோதுமைப் பாலிலிருந்து

கடைகளில் மைதாவைக் காய்ச்சி, அதில் மயில் துத்தம் கலப்பது நெடுநாள் வழக்கம். பூச்சி வராது என்பது அதற்கான காரணம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் மயில் துத்தம் செம்பு உப்பு. செம்பு, தாளின் நார் சிதைவதை வேகப்படுத்தும். பூச்சியிடமிருந்து காப்பாற்றிய தாளை நாமே மெல்ல எரிப்பது போன்றது இது. கையில் புண் இருந்தால் எரியும், வயிற்றுக்குள் போனால் நஞ்சு. வீட்டில் செய்கிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

வெள்ளைப் பசை இன்னும் வலுவாக ஒட்டுகிறதே என்று கேட்கலாம். ஒட்டுகிறதுதான். காய்ந்தபின் தண்ணீரில் கரையாது என்பதுதான் சிக்கல். ஈரம் பட்டால் சற்று ஊறி வெளுக்குமே தவிர நாரை விட்டு வெளியே வராது, பிரிக்கிறவர் தாளைக் கிழித்துத்தான் பிரிக்க வேண்டும். மாவுப்பசை பத்தாண்டு கழித்தும் ஈரத்துக்கு இளகும். வலு போதாது என்ற பயமும் தேவையில்லை. மடிப்பில் தைத்த புத்தகத்தில் பாரங்களைப் பிடித்திருப்பது நூல், பசைக்கு அவ்வளவு சுமையே கிடையாது.

நல்ல பசைக்கு மைதாவின் பசைத்தன்மையான புரதத்தை நீக்கி மாவுச்சத்தை மட்டும் எடுக்க வேண்டும். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை. 250 கிராம் மைதாவைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து அரைமணி ஊறவிடுங்கள். ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்துப் பிசையப் பிசைய வெள்ளைப் பால் இறங்கும், கையில் ரப்பர் போன்ற சக்கை மிஞ்சும். சக்கையை எறிந்துவிட்டுப் பாலை மெல்லிய துணியில் வடிகட்டி, குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் மேலே நிற்கும் மஞ்சள் நீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு முறை தெளியவிடுங்கள். அடியில் தங்கும் வெண்படிவுதான் வேண்டியது.

அந்தப் படிவை உலர்த்தி, 1 பங்குக்கு 5 பங்கு தண்ணீர் சேர்த்து, சிறுதீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் பால் மாதிரி இருப்பது திடீரென்று திரண்டு, பிறகு கண்ணாடி போலத் தெளியும். 20 முதல் 25 நிமிடம் ஆகும். ஆறியதும் கட்டியாகும். அதை நெருங்கிய கண் வடிகட்டியில் கரண்டியால் இரண்டு முறை தேய்த்து இறக்கினால் வெண்ணெய் போல வழவழப்பாகும். குளிரில் மூன்று நான்கு நாள் தாங்கும், புளித்த வாசம் வந்தால் எறிந்துவிடுங்கள்.

குறிப்பு: பூச்சிக்குப் பசையில் மருந்து சேர்ப்பதைவிடப் பசையை மெல்லிசாகத் தடவுவது நல்லது. இராமபாணப் பூச்சி தேடுவது மாவுச்சத்தையும் ஈரத்தையும். பசை குறைவாகவும், அலமாரி காற்றோட்டமாகவும், சுவரை ஒட்டாமலும் இருந்தால் பாதிக் கவலை தீரும். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அலமாரியில் வைக்கலாம், புத்தகத்துக்குள் வைக்க வேண்டாம்.

வேலை வரிசை

கீழே உள்ள அளவுகள் சுமார் 21 செ.மீ. உயரமுள்ள டெமி அளவுப் புத்தகத்துக்கு.

1. எண்ணிக் குறித்தல். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, விடுபட்டது, மாறிக் கிடப்பது எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முதுகையும் அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். பல பழைய பதிப்புகளில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் சிறிய எண் இருக்கும். அது அச்சகத்தார் பைண்டருக்காக விட்டுச்சென்ற வழிகாட்டி. பக்க எண்ணோடு அதையும் ஒத்துப் பாருங்கள்.

2. பிரித்தல். பாரத்தின் நடுப்பக்கத்தை விரித்தால் தையல் நூல் தெரியும். அதைச் சிறு கத்தரியால் நறுக்குங்கள், இழுக்காதீர்கள். முதுகில் பழைய வச்சிரமோ மாவுப்பசையோ கெட்டிப்பட்டிருந்தால் அதன்மேல் நம் பசையையே கெட்டியாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி 15 நிமிடம் விடுங்கள். பழைய பசை இளகும். மழுங்கிய மூங்கில் பட்டையால் வழித்தெடுங்கள். ஒரு தடவையில் வராவிட்டால் மறுபடி அப்புங்கள். தண்ணீரை நேரே ஊற்றுவது பெரிய தவறு: அச்சு மை தாங்கும், ஆனால் பேனா மையும் நூலக முத்திரையின் ஊதா மையும் பரவி ஓடிவிடும். பிறகு முதல் பாரத்தை நடுவில் இரண்டு கையாலும் பிடித்து, அடுத்ததிலிருந்து மெல்ல விலக்குங்கள்.

3. மடிப்பைச் செப்பனிடுதல். அதிக நேரம் பிடிப்பதும் அதிகப் பொறுமை கேட்பதும் இந்தப் படிதான். ஒவ்வொரு பாரத்திலும் வெளித்தாளின் மடிப்பு கிழிந்தோ தேய்ந்தோ இருக்கும். ஜப்பானிய மெல்லிழைத் தாள் கிடைத்தால் சிறப்பு. நேபாள லோக்தா தாளின் மிக மெல்லிய வகையும் உதவும். அதைக் கத்தரிக்காதீர்கள். ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் கிழியுங்கள். 1 செ.மீ. அகலத் துண்டின் இரு ஓரத்திலும் பூனை மீசை போல நார் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்தான் பழைய தாளோடு கலந்து, தொட்டால் தட்டுப்படாத ஒட்டைத் தரும். கத்தரித்த ஓரம் மேடாக நின்று, அந்த மேட்டிலேயே தாள் மறுபடி மடிந்து உடையும். பசையைத் தயிர்க்குழம்பு அளவுக்கு நீர்க்க விட்டுத் துண்டில் தடவி, மடிப்பின் வெளிப்புறத்தில் வைத்து, மேலும் கீழும் ஈரத்தை வெளியே விடும் மெல்லிய பாலியஸ்டர் துணி, அதற்கு வெளியே ஒற்றுத்தாள், அதன்மேல் கனம் வைத்து உலரவிடுங்கள். துணியில் சுற்றிய அம்மிக் குழவி போதுமான கனம். செலோடேப் மட்டும் வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி, எழுத்துக்குள் ஊறி, அடுத்த பக்கத்தையும் கறைப்படுத்தும்.

4. துளைக் குறி. பாரங்களை வரிசையாக அடுக்கி, தலைப்பக்கமும் முதுகும் நேராகத் தட்டிச் சேருங்கள். முன்னும் பின்னும் புதிய வெற்றுத்தாள் மடிப்பு ஒவ்வொன்றைச் சேருங்கள். முதுகின் குறுக்கே ஆறு பென்சில் கோடுகள்: தலையிலிருந்து 1.5, 6, 7.2, 13.8, 15, 19.5 செ.மீ. நடுவில் உள்ள இரண்டு ஜோடிகளுக்கும் இடையே 1 செ.மீ. பருத்தி நாடா போகும். ஒவ்வொரு பாரத்தையும் விரித்து, உள்ளிருந்து வெளியே, சரியாக மடிப்பில் ஊசியால் குத்துங்கள். மொத்தமாக ரம்பத்தால் முதுகைக் கீறுவது வேகமான வழிதான். ஆனால் கீறலுக்குள் பசை இறங்கி உள்பக்கம் வரை கசியும், அதோடு ஒவ்வொரு மறுகட்டுக்கும் ஒரு புதுக் கீறல் விழும்.

5. தைத்தல். பருத்தி அல்லது லினன் வெள்ளை நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுங்கள். ஒரு கை நீளத்துக்கு மேல் வேண்டாம், தீர்ந்தால் பாரத்தின் உள்ளே முடிச்சிட்டுத் தொடரலாம். பாரங்கள் பல என்றால் நூல் மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு மட்டும் உப்பி ஆப்பு போலாகும். முதல் பாரத்தில் 1ஆம் துளையில் வெளியிலிருந்து உள்ளே நுழைந்து, 8 செ.மீ. வால் விடுங்கள். 2இல் வெளியே வந்து, நாடாவைத் தாண்டி, 3இல் உள்ளே. 4இல் வெளியே, நாடாவைத் தாண்டி, 5இல் உள்ளே, 6இல் வெளியே. இரண்டாவது பாரத்தை மேலே வைத்து 6இல் நுழைந்து அதே வழியில் திரும்பி 1க்கு வாருங்கள். அங்கே வாலோடு இரட்டை முடிச்சு. மூன்றாம் பாரம் முதல், ஒவ்வொரு முனைக்கு வரும்போதும் ஊசியைக் கீழே உள்ள இரண்டு பாரங்களுக்கு நடுவே, இணைக்கும் நூலுக்குப் பின்னால் செலுத்தி, எழும் வளையத்துக்குள் ஊசியை விட்டு இறுக்குங்கள். இந்தக் கண்ணி முடிச்சுதான் பாரத்தைப் பாரத்தோடு பிணைக்கிறது. இழுக்கும் திசையைக் கவனியுங்கள்: எப்போதும் முதுகின் நீளவாக்கில், தாளுக்கு இணையாக. மேல்நோக்கி இழுத்தால் செப்பனிட்ட மடிப்பு அப்படியே கிழியும்.

6. முதுகு. தைத்த கட்டை இரண்டு பலகைக்கு நடுவே நேராக அழுத்தி வைத்து, முதுகில் மெல்லிய பசை ஒரு பூச்சு. அதன்மேல் பக்கத்துக்கு 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி மல்மல் துணி, அதற்கு மேல் முதுகு அளவுக்குக் கைக்காகிதப் பட்டை. முழுக்கக் காயும்வரை அசைக்க வேண்டாம்.

7. அட்டை. 2 மி.மீ. மில் போர்டு. உயரம் புத்தகத்தைவிட 6 மி.மீ. அதிகம், அகலம் பக்கத்தைவிட 3 மி.மீ. குறைவு. முதுகுப் பட்டைக்கும் அட்டைக்கும் 7 மி.மீ. இடைவெளி. போர்டின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். எப்படி அறிவது? இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது விழும் வளைவுக்கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அதுவே இழையின் திசை. இது மாறினால் பசை காயும்போது அட்டை ஓடு போல முறுக்கிக்கொள்ளும். காலிகோவோ, பின்னால் தாள் ஒட்டிய கைத்தறித் துணியோ போர்த்தி, ஓரங்களை 1.5 செ.மீ. உள்ளே மடித்து ஒட்டுங்கள்.

8. கூட்டில் வைத்தல். நாடாவையும் மல்மலையும் வெற்றுத்தாள்மேல் படியவைத்து, தாளில் பசை தடவி, அட்டையை மூடி அழுத்துங்கள். ஈரம் உள்ளே போகாமல் இரு பக்கமும் ஓஎச்பி ஷீட் செருகி, 24 மணி நேரம் கனத்தின் கீழ். இடையில் திறந்து பார்க்க ஆசை வரும். திறக்காதீர்கள்.

ஓரங்களை நறுக்கும் படி இந்த வரிசையில் இல்லை. அது மறதியால் விட்டது இல்லை. மேடு பள்ளமான ஓரம் பார்வைக்குக் குறை என்று தோன்றலாம், ஆனால் ஒவ்வொரு நறுக்கலிலும் 3 மி.மீ. போனால், நான்கு மறுகட்டில் பழைய பதிப்பின் ஓரமே தீர்ந்துபோகும். ஓரம்தான் அடுத்த தலைமுறையின் கையிருப்பு.

பாதுகாப்பு

கத்தியின் அலகை மழுங்கும் முன்பே மாற்றுங்கள். மழுங்கிய அலகுக்கு அழுத்தம் கூட வேண்டியிருக்கும், வழுக்கி விரலில் இறங்குவது அப்போதுதான். ஒரே இழுப்பில் போர்டை வெட்ட முயல வேண்டாம், எஃகு அளவுகோலை நகராமல் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு லேசான இழுப்பில் வெட்டுங்கள். ஊசியால் குத்தும்போது அடியில் கை இருக்கக் கூடாது, தடித்த அட்டை இருக்கட்டும்.

பூஞ்சை பூத்த புத்தகத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். வித்துகள் மூச்சில் போகும், மற்றப் புத்தகங்களிலும் விழும். முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில், மென்தூரிகையால் உங்களிடமிருந்து விலகும் திசையில் துடையுங்கள். ஈரமாக இருந்தால் முதலில் நிழலில் உலர்த்துங்கள், ஈரப்பூஞ்சையைத் துடைத்தால் தாளுக்குள் தேய்ந்துவிடும். பழைய நூலகப் புத்தகங்களில் பூச்சிமருந்துத் தூள் தூவப்பட்டிருக்கலாம் என்பதால் கையுறையும் அவசியம்.

கடையில் கொடுப்பதானால்

எல்லோராலும் இதற்கு நேரம் ஒதுக்க முடியாது. செப்பனிடுதலோடு சேர்த்து 20 பாரப் புத்தகம் ஒன்றுக்கு, பழகிய கைக்கே ஒன்றிரண்டு நாள் வேலை இருக்கும். அவ்வளவு செலவழிப்பதைவிட ஸ்கேன் எடுத்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. உள்ளடக்கத்தைக் காக்க ஸ்கேன் வேண்டும், அதை மறுக்க இடமில்லை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் அரிய தமிழ் நூல்களை நுண்படமாகவும் மின்படியாகவும் காத்து வைத்திருப்பது பெரும் பணி. ஆனால் பக்கவாட்டில் தைத்த புத்தகத்தை ஸ்கேன் எடுப்பவரைக் கேளுங்கள்: மடிப்புக்குள் புதைந்த எழுத்தை எடுக்க அவர் அந்தக் கட்டை அறுத்தாக வேண்டும். நன்றாகப் படிந்து விரியும் புத்தகம்தான் நல்ல மின்படியையும் தரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் இங்கே எழவில்லை.

பைண்டர்கள் மடிப்புத் தையலைக் கைவிட்டது தெரியாததால் என்று எண்ண வேண்டாம். வயதான தொழிலாளர்கள் பலருக்கு அது அத்துப்படி. கேட்டு வாங்கவும் அதற்கேற்ற கூலி கொடுக்கவும் ஆள் இல்லாமல் போனதே காரணம். நோட்டும் டைரியும் இயந்திரத்துக்குப் போனபின், பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு மட்டுமே வாடிக்கையாளர் வருகிறார். அதனால் கடையில் கொடுக்கும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பிரித்து மடிப்பில் தைக்க வேண்டும், ஓரம் நறுக்கக் கூடாது, மாவுப்பசைதான், துத்தம் வேண்டாம். பசையை வேண்டுமானால் நீங்களே காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுங்கள். புத்தகக் கணக்கில் பேசாமல் நாள்கூலிக் கணக்கில் பேசுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். வீட்டில் உள்ள எல்லாப் புத்தகத்துக்கும் இது தேவையில்லை, ஆண்டுக்கு இரண்டு கொடுத்தாலும் போதும். முதல் பதிப்பு, குடும்பத்தில் யாராவது குறிப்பு எழுதிய பிரதி, வேறெங்கும் கிடைக்காத ஊர்ப் புராணம், இவை முதலில். மேல்தாளுக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் போன்றவற்றை வாங்கினால் அந்தப் பக்கத்துக் கைகளுக்கும் வேலை போய்ச் சேரும்.

வேலை முடிந்ததும், பின்பக்க வெற்றுத்தாளின் அடிமூலையில் பென்சிலால், சிறிய எழுத்தில் எழுதுங்கள்: கட்டிய மாதமும் ஆண்டும், எத்தனை பாரம், என்ன நூல், என்ன பசை, எந்தப் பக்கங்களில் மடிப்பு செப்பனிடப்பட்டது, பழைய அட்டை எங்கே இருக்கிறது. பழைய அட்டையை எறியாமல் ஒரு உறையில் இட்டுப் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து இதைப் பிரிக்கப் போகிறவர் முதலில் தேடுவது அந்த மூலையைத்தான்.